கையால் செய்த கத்தியா, உங்களுக்கென்றே செய்த கத்தியா?

கையால் செய்த கத்தி எல்லாம் உங்களுக்கெனச் செய்தது ஆகிவிடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முதல் வகையில், கொல்லர் தன் மனத்தில் உள்ள வடிவத்தைச் செய்து விற்பனைக்கு வைக்கிறார். வேலைப்பாடு முதல்தரமாக இருக்கலாம். வாங்குமுன் கையில் பிடித்துப் பார்க்கலாம், காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் கைப்பிடியின் மரத்தை மாற்றி, பெயரைப் பொறித்துக் கேட்டாலும் அது அதே கத்திதான்.

இரண்டாவது வகை கேள்விகளில் தொடங்குகிறது. எதை வெட்டுவீர்கள்? இடக்கையா, வலக்கையா? உள்ளங்கை எவ்வளவு அகலம்? வெட்டி முடித்ததும் துடைத்து வைப்பீர்களா? துடைக்க மறப்பவரிடம் கார்பன் எஃகு துருப்பிடித்துவிடும். அவருக்குக் குரோமியம் மிகுந்த எஃகே சரி. காய்கறியை மெல்லியதாக நறுக்குபவருக்கு எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 62 வரை கடினமாக்கி, பக்கத்துக்கு 15 பாகையில் கூர் தீட்டலாம். எலும்பில் படும் கத்திக்கு இதையே செய்தால் விளிம்பு சில்லுசில்லாகப் பெயரும். அங்கே 56 அளவுக் கடினமும் 20 பாகைக்கு மேற்பட்ட கோணமும் வேண்டும். கோணத்தைப் பிறகும் சாணையில் மாற்றிக்கொள்ளலாம். கடினம் அப்படியன்று. சிவக்கக் காய்ச்சித் தோய்த்த எஃகை மீண்டும் இளஞ்சூட்டில் பதப்படுத்தும்போதே அது முடிவாகிவிடுகிறது. விற்பனைக்கு வைத்த கத்தியில் அந்த முடிவு உங்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டது.

சுத்தியலால் அடித்து உருவாக்கினாரா, எஃகுப் பட்டையை இயந்திரத்தில் தேய்த்துச் செதுக்கினாரா என்று பலர் வாதிடுகிறார்கள். என் பார்வையில் அது இரண்டாம்பட்சம். முதல் கோடு வரையப்படும் முன்பு உங்கள் கையை அளந்தாரா என்றுதான் நான் கேட்பேன்.