850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் பீரோ மேல் கிடக்கும் கேபிள் பையும்

போன வாரம் நண்பன் போனில் கேட்டான். "மாப்ள, ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் வாங்கப் போறேன். இருக்கிற எஸ்எம்பிஎஸ் தாங்குமா? நீ எதைப் போட்டிருக்க?" அவன் சொன்னது கிராபிக்ஸ் கார்டு; எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி. ரெண்டு வரியில் முடிக்க வேண்டிய பதில்தான். ஆனால் எஸ்எம்பிஎஸ் என்று யாராவது வாயெடுத்தாலே எனக்கு ஒரு கோபம் வரும். அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். 2017இல் அசெம்பிள் செய்த மெஷினில் ஜிடிஎக்ஸ் 1060 கார்டும் 550 வாட் பிரான்ஸ் (வெண்கலம்) தர எஸ்எம்பிஎஸ்ஸும் இருந்தன. 1060 இழுப்பதே 120 வாட்தான், ஆறு பின் பிளக் ஒன்று செருகினால் போதும். அஞ்சாறு வருடம் எஸ்எம்பிஎஸ் என்று ஒன்று உள்ளே இருப்பதே ஞாபகமில்லாமல் ஓடியது. நடுவில் பிராசசரை மட்டும் ரைசன் 5 5600க்கு மாற்றினேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ராப்பகலாக ஓட்டிக் காசு பார்க்கும் மைனிங்கைக் கைவிட்டதும் கார்டுகள் செகண்ட் ஹேண்டில் வந்து கொட்டின இல்லையா, அந்தச் சமயம் பார்த்து, 2023 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 3080 ஒன்றை வாங்கினேன்.

கார்டுக்கு 750 வாட் வேண்டும் என்று என்விடியாவே சொல்லியிருந்தது. நான் கேட்கவில்லை. கார்டு 320, பிராசசர் முழு மூச்சில் ஓடினாலும் 76, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 60. மொத்தம் 456 வாட். 550இல் இன்னும் கிட்டத்தட்ட நூறு மிச்சம் இருக்கே, கம்பெனிக்காரன் பயமுறுத்துகிறான் என்று நினைத்தேன்.

முதல் நாள் ராத்திரியே 'டக்' என்று அணைந்தது. நீலத் திரை வரவில்லை, முன்னெச்சரிக்கையும் இல்லை. பவர் பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை. பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டால்தான் உயிர் வந்தது. விண்டோஸ் பதிவைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு வரி. முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், அது எனக்கே தெரியுமே! கார்டை விற்றவருக்குப் போன் போட்டு, மைனிங்கில் ஓட்டித் தேய்த்ததை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சண்டை பிடித்தேன். அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

நான் கூட்டிய 320 சராசரிக் கணக்கு. ஓடும்போது இந்தக் கார்டு சில மில்லி விநாடிகளுக்கு அதைத் தாண்டி எங்கேயோ எகிறிவிட்டு இறங்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால்கூடத் தெரியாது, ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்றுக்குத் தெரியும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள டிரிப் ஆகிவிடும். அந்த 750 இதற்கும் சேர்த்துச் சொன்னது. கார்டின் வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்து ஒரு வாரம் சமாளித்துப் பார்த்தேன். அணைவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. எக்ஸ்போர்ட் 90 சதவீதத்தில் இருக்கும்போது ஒரு தடவை அணைந்தது. மறுநாளே கடைக்குப் போய்விட்டேன்.

வாங்கியது 850 வாட், 80 பிளஸ் கோல்டு (கரண்டை எவ்வளவு குறைவாக வீணாக்குகிறது என்பதற்கான தரம், பிரான்ஸைவிட மேல்), எல்லா கேபிளையும் கழற்றி மாட்டும் ஃபுல் மாடுலர். விலை 9,500 ரூபாய், பத்து வருட வாரண்டி. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. இனி வருவதில் பாதி திட்டு, அதில் எவ்வளவு அவர்களுக்குச் சேர வேண்டியது என்று எனக்கே நிச்சயமில்லை.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைகூட அணையவில்லை. கார்டின் இரண்டு எட்டு பின் பிளக்குக்கும் தனித்தனிக் கேபிள் போட்டேன். ஒரு பிளக் 150 வாட் கணக்கு, பழையதில் ஒரே கேபிளில் இருந்த இரட்டைத் தலையை மாட்டி முழுச் சுமையையும் அதன் மேலேயே ஏற்றியிருந்தேன். இதையெல்லாம்விட நான் எதிர்பார்க்காதது அந்த அமைதி. சுமை குறைவாக இருந்தால் இதன் ஃபேன் சுற்றவே சுற்றாது. பழையது சட்னி அரைக்கிற மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். இப்போது ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஹெட்போன் இல்லாமல் நாதஸ்வர டிராக்கை வெட்டி ஒட்டுகிறேன், சுவர்க்கடிகாரச் சத்தம் கேட்கிறது. கோல்டு என்றால் கரண்ட் பில் குறையும் என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். 300 வாட் சுமைக்குப் பிரான்ஸ் சுமார் 353 இழுத்தால் கோல்டு 333 இழுக்கும். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு அஞ்சு யூனிட் மிச்சம். டிரிப் ஆகுமா ஆகாதா என்பது பற்றி அந்தத் தங்கமும் வெண்கலமும் ஒன்றும் சொல்வதில்லை.

சரி, கேபிள். புதிதை மாட்டிய அன்று மதர்போர்டுக்கும் கார்டுக்கும் புதுக் கேபிள்களையே போட்டேன். ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் கரண்ட் கொண்டுபோகும் சாட்டா கேபிள் மட்டும் கேபினெட்டின் பின்பக்கம் டை போட்டு அழகாகக் கட்டிக் கிடந்தது. அதை எதற்குப் பிரிப்பானேன் என்று பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து உருவி, புதியதில் செருகினேன். துளை சரியாக இருந்தது. கொக்கிகூடக் 'கிளிக்' என்று விழுந்தது. சுவிட்சைப் போட்டதும் ஃபேன்கள் அரைச் சுற்று சுற்றி நின்றன. பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது.

500 ஜிபி எஸ்எஸ்டி போனது போனதுதான். 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முகூர்த்தத்தின் முழுப் ஃபுட்டேஜ் இருந்தது, கேமரா கார்டை அதற்கு முந்தின நாள்தான் அழித்திருந்தேன். பெண்ணின் அப்பா ஆல்பம் எப்போது என்று கேட்டு அனுப்பிய மெசேஜ் போனில் கிடக்கிறது. டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடினேன். அந்தப் பையன் அதன் சர்க்யூட் போர்டைக் கழற்றி, லென்ஸை வைத்துப் பார்த்து, அரிசியைவிடச் சின்னதான ஒரு கறுப்பு டையோடைத் தொட்டுக் காட்டினான். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வோல்ட் வந்திருக்கிறது, அது தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது. அதை எடுத்துப்போட்டதும் டிஸ்க் சுற்றியது. "உடனே காப்பி எடுத்துருங்க சார், இனி இதுக்குக் காவல் கிடையாது" என்றான். 1,500 ரூபாய் கொடுத்தேன். காலில் விழவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். கேபிளின் ஹார்ட் டிஸ்க் பக்கத் தலைக்குப் பொது அளவு உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத் தலைக்குக் கிடையாது. எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறலாம். நியாயமாகப் பார்த்தால் தப்பு என்னுடையது. கையேட்டில் எச்சரிக்கை இருந்தது, பொடி எழுத்தில், கடைசிப் பக்கத்தில். ஆனால் பாருங்கள், ஒரு கம்பெனி மிக்ஸியில் இன்னொரு கம்பெனி ஜார் உட்காராது. ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு இருக்கிற புத்தி இதற்கு இருக்கக் கூடாதா? மாட்டக் கூடாது என்றால் மாட்ட முடியாதபடி செய்ய வேண்டியதுதானே!

இன்றைக்கும் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. பழையதோடு வந்த கேபிள், புதியதோடு வந்து மிச்சமான கேபிள் எல்லாம் அன்றைய பதற்றத்தில் ஒரே பையில் போய்விட்டன. எல்லாம் கறுப்பு. ஒன்றிலும் பெயர் இல்லை. தூக்கிப் போட்டால் நாளைக்கு இன்னொரு டிஸ்க் சேர்க்கும்போது வேண்டும், எடுத்து மாட்டவும் தைரியம் இல்லை. இரண்டு வருடமாகப் பீரோ மேல் கிடக்கிறது.

நண்பனுக்கு வருகிறேன். 4070 சூப்பர் 220 வாட் கார்டு, கம்பெனி கேட்பது 650. உன்னுடையதும் 650தான். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார். 54 என்று இருந்தால் 648 வாட், கவலையே வேண்டாம். 40 என்று இருந்தால் அது 480 வாட்தான், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும். கார்டில் செருகும் 16 பின் பிளக்கை இடைவெளி தெரியாதபடி கடைசி வரை அழுத்து. 2022இல் 4090 கார்டுகளில் பிளக் உருகிய கதையில் அரைகுறையாகச் செருகியதும் ஒரு காரணம். புதிதாகவே வாங்குவதென்றால் ஏடிஎக்ஸ் 3.0 போட்டதாக வாங்கு. நான் சொன்ன அந்த மில்லி விநாடி எகிறலை மனதில் வைத்து எழுதிய விதிமுறை அது.

யுபிஎஸ்ஸையும் பார்த்துக்கொள். 600 விஏ என்றால் 360 வாட்தான். ரெண்டரில் இருக்கும்போது கரண்ட் போய், கத்தக்கூட நேரமில்லாமல் என்னுடையது படுத்துவிட்டது. அப்புறம் 1100 விஏ வாங்கினேன்.

"நீ வைத்திருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸையே வாங்கட்டுமா" என்று கேட்டால், வேண்டாம். இத்தனை நாளில் அது ஒரு தப்பும் செய்யவில்லை, சத்தமில்லை, சூடில்லை, இன்னும் ஏழெட்டு வருட வாரண்டி இருக்கிறது. இருந்தாலும் வேண்டாம். கேபிள் உடம்போடு ஒட்டியே வருவது எதையாவது வாங்கு. கேபினெட்டுக்குள் வைக்கோல்போர் மாதிரி அடைந்துகொண்டு இருக்கட்டும், பரவாயில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "என்னோடதுல ரெண்டாவது எட்டு பின் கேபிளைக் காணோம் மாப்ள. உன்கிட்ட பழசு ஏதும் கிடக்கா?"