குட்டை நகங்களும் ஐந்தாம் நாளும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

போன ஞாயிறு மதியம் நகப்பூச்சால் வைத்த புள்ளிகள் பத்து விரல் நகத்திலும் இன்னும் இருக்கின்றன. இன்று சனிக்கிழமை, ஏழாம் நாள். இடையில் இரண்டு கல்யாண பிளவுஸ் முடித்தேன், இரண்டு வேளையும் பாத்திரம் கழுவினேன், புதன்கிழமை பக்கத்து வீட்டு மதினியோடு உட்கார்ந்து ஒரு முழுப் பலாக்காயை வெட்டினேன். பலாப்பால் கையில் ஏறினால் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்தத் தேய்ப்புக்கும் புள்ளிகள் அசையவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

எனக்குத் தொழில் ஆரி வேலை. செங்கோட்டையில் வீட்டு முன்னறையில் ஆரி ஸ்டாண்டு போட்டுப் பிளவுஸ்களுக்கு ஜரிகையும் மணியும் வைத்துக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் நகம் வளர்க்க வழியே இல்லை. வலது கை துணிக்கு மேலே ஊசியைப் பிடித்திருக்கும். இடது கை துணிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நூலை ஊசியின் கொக்கிக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நகம் கொஞ்சம் நீண்டாலும் பட்டு நூலில் சிக்கும். ஒரு இழை சிக்கினால் ஒரு பூவே சுருங்கிவிடும். அதனால் தையல் கணக்கில் அரை நூல் அளவுக்கு மேல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) என் நகத்தில் வெள்ளை தெரிய விடுவதில்லை.

ஆனால் என் கையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கழுத்து வடிவத்தை விரலால் வரைந்து காட்ட வேண்டும், மணியை உள்ளங்கையில் கொட்டி நிறம் காட்ட வேண்டும். புனலூர் ரயில் பாதை அகலப் பாதையாகி 2018இல் திறந்த பிறகு, கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து ஓணத்துக்கு செட்டுமுண்டு பிளவுஸ் கொண்டு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். வெளுத்து வெடித்த நகத்தோடு, பொன் ஜரிகைக் கரை போட்ட கசவுத் துணியைத் தொட எனக்கு மனம் ஒப்பவில்லை. குட்டை நகத்துக்கு எது பொருந்தும் என்று 2023 ஆவணியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

வாரம் தவறாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்டுவதில்லை. எனவே ஞாயிறு மதியம்தான் நக வேலை. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றால் வியாழக்கிழமை வந்து பிளவுஸ் வாங்கிப் போவார்கள். அதாவது என் கை அதிகமாகப் பார்க்கப்படும் நாள், பூசியதிலிருந்து ஐந்தாம் நாள். கடையில் பாட்டிலின் அழகையும் போட்ட அன்றைய படத்தையும் பார்த்து வாங்கியவையெல்லாம் இந்த வியாழக்கிழமையில்தான் தோற்றன. இப்போது ஒரு வடிவத்தைப் பார்த்தால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது ஐந்தாம் நாள் எப்படி இருக்கும்?

முதலில் தோற்றது நுனியில் மெல்லிய வெள்ளைக் கோடு போடும் பிரெஞ்சு வகை. குட்டை நகத்துக்கு ஏற்றது, விரலை நீட்டிக் காட்டும் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். போட்ட அன்று உண்மையிலேயே அழகாக இருந்தது. இரண்டாம் நாளே வலது கட்டைவிரலில் கோடு உடைந்தது. காரணம் எளியது. நீண்ட நகத்தில் நுனி விரலைத் தாண்டி நிற்கும். குட்டை நகத்தில் நாம் தொடுகிற பொருள்களிலெல்லாம் விரல் நுனியோடு நகநுனியும் மோதும். பூச்சு மிக மெல்லியதாக நிற்பதும் அந்த விளிம்பில்தான். அதிகம் தேயும் இடத்தில் அலங்காரத்தை வைத்தால் அது எப்படி நிற்கும்? போதாததற்கு மஞ்சள். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த கையில் வெள்ளைக் கோடு மஞ்சள் கோடாகிவிடும். மஞ்சளின் நிறம் வெயில் பட்டால் மங்கும் என்பதால் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கொஞ்சம் தெளியும். மறுபடி சாப்பாடு, மறுபடி மஞ்சள். பால் நிறம், தந்த நிறம் எல்லாவற்றுக்கும் இதே கதி. வெள்ளையை நான் முழுக்க விட்டுவிட்டேன்.

அதிலிருந்துதான் எனக்கு வழி பிறந்தது. நுனி தேய்கிறது என்றால் அலங்காரத்தை அடிக்குக் கொண்டு போக வேண்டும்.

அடிப்புள்ளிக்கு வேண்டியது ஒரு குண்டூசி. நகத்தில் நிறமில்லாத அடிப்பூச்சு ஒன்று. காய்ந்ததும் குண்டூசித் தலையை நிறத்தில் தொட்டு, நகத்தின் அகலத்துக்கு நடுவில், நகம் தொடங்கும் அடித்தோலிலிருந்து அரை நூல் தள்ளி ஒரே ஒரு புள்ளி. அழுத்தக் கூடாது, துளி தானாக இறங்கி வட்டமாக உட்காரும். பத்து நிமிடம் விட்டு நிறமில்லாத மேல்பூச்சு. அவசரப்பட்டு மேல்பூச்சு போட்டால் தூரிகை புள்ளியை இழுத்து வால் முளைக்க வைத்துவிடும். நுனியில் நிறமே இல்லாததால் அங்கே தேய்வது தெரியாது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது, பத்து நாளில் 1 மில்லிமீட்டர். புள்ளி அந்த அளவு மேலே ஏறினால் வேண்டுமென்றே அங்கே வைத்தது போலத்தான் இருக்கும். என் நோட்டில் சாதாரணப் பூச்சுகளில் சராசரியாக ஒன்பது நாள் நின்றிருப்பது இது ஒன்றுதான்.

பொட்டு வைப்பதும் புள்ளிக் கோலம் போடுவதும் நம் கைக்குப் பழக்கம் என்பதால் இது எனக்கு அந்நியமாகவே படவில்லை. கசவுக்குப் பொன் புள்ளி, பச்சைப் பட்டுக்கு அரக்குப் புள்ளி என்று மாற்றிக்கொள்வேன். ஒரு மலையாள வாடிக்கையாளர் என் விரல்களைப் பார்த்து, “நல்ல ஒதுக்கம், சேச்சி” என்றார். நாம் அடக்கம் என்று சொல்கிற இடத்தில் அவர்கள் ஒதுக்கம் என்பார்கள். நான் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

அடுத்தது அடிப்பிறை. நகத்தின் அடியில் இயற்கையாகத் தெரியும் வெள்ளைப் பிறையின் வளைவைப் பின்பற்றி அந்த இடத்துக்கு மட்டும் நிறம் கொடுப்பது. மேல்நாட்டில் 1930களில் இதற்கு நேர்மாறாக, பிறையை வெறுமையாக விட்டு மீதி நகத்துக்குச் சிவப்புப் பூசுவது நாகரிகமாக இருந்தது. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். பிறையை வெறுமையாக விடும் முறையில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு: அடியில் புது நகம் வளர்ந்தாலும் இடைவெளி துருத்திக்கொண்டு நிற்காது. ஆனால் நுனிவரை நிறம் போவதால் என் வேலைக்கு மூன்று நாள்தான் தாங்கியது. எழுதுகிற வேலை, பள்ளிக்கூட வேலை என்று இருப்பவர்களுக்கு அது நன்றாக நிற்கலாம். அடிக்கு மட்டும் நிறம் என்பது எனக்கு எட்டு நாள் வந்தது. கை நடுங்காமல் இருக்க வேண்டும். வலது கையில் போட இடது கை பழக எனக்கு நான்கு மாதம் ஆனது.

செங்குத்துக் கோடு பற்றிக் கொஞ்சம். நகத்தின் நடுவே அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் ஏறி நின்றுவிடும் ஒற்றைக் கோடு, அகலமான நகத்தை ஒடுக்கிக் காட்டும். அகல நகக்காரர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். என் நகம் ஒடுக்கம் என்பதால் எனக்கு அது சோகையாக இருந்தது.

நிறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தோல் நிறம் என்று சொல்லி விற்கும் இளஞ்சிவப்புகளை வாங்கி வாங்கி ஏமாந்தேன். அவை வெளிறிய தோலை மனத்தில் வைத்துக் கலந்தவை. என்னைப் போன்ற கருத்த விரலில் சுண்ணாம்பு தொட்டது போல நிற்கும். விரலை மங்கலாக்கிக் காட்டும் நிறம் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது நம் தோல் நிறம் அல்ல. கருப்பட்டிக் காப்பி, டிகாக்‌ஷன் கூடுதலாக விட்ட தேநீர், பழுத்த நாவல் பழத்தின் உள்சதை, செங்கல் என்று நம் கைக்கு ஒத்துப்போகும் நிறங்கள் வேறு. கடையில் பாட்டிலை நகத்தோடு ஒட்டிப் பார்க்காமல், விரல் முட்டியின் மேல் உள்ள தோலோடு ஒட்டிப் பாருங்கள். அந்த நிறத்தின் குடும்பத்தில் ஒன்றைத் தேர்ந்து, கண்ணாடி போல ஒரே ஒரு மெல்லிய பூச்சு போட்டால் போதும். பக்கவாட்டில் இருபுறமும் மயிரிழை அளவு விட்டுப் பூசினால் குட்டை நகம் நீண்டு தெரியும். நுனியில் தேய்ந்தாலும் நகத்துக்கும் பூச்சுக்கும் நிற வேறுபாடு குறைவு என்பதால் ஐந்தாம் நாளில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. தேநீர் நிறப் பாட்டில் ஒன்று எண்பது ரூபாய்க்குத் தென்காசியில் வாங்கினேன். இத்தனை நாளில் மூன்றாவது பாட்டில் ஓடுகிறது.

ஜெல் பூச்சும் போட்டுப் பார்த்தேன், சித்தி மகள் கல்யாணத்துக்காக. விளக்கின் கீழே கை வைத்து இறுக வைக்கும் பூச்சு. பதினாறு நாள் பளபளவென்று இருந்தது என்பது உண்மை. அதற்குள் அடியில் வெறும் நகம் வளர்ந்து இடைவெளி தெரிந்தது, நுனி தூக்கியது, பொறுமையில்லாமல் உரித்துவிட்டேன். நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வந்துவிட்டது. மூன்று மாதம் நகம் காகிதம் போல வளைந்தது. உரிக்காமல், பூச்சை நீக்கும் அசிட்டோன் திரவத்தில் ஊறவைத்து எடுத்திருக்க வேண்டும். சில ஜெல் பூச்சுகளில் சேர்க்கப்பட்ட டி.பி.ஓ. என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது. ஜெல் போடுகிறவர்கள் பாட்டிலின் பின்புறத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

அதைவிட எனக்கு வலித்தது நகச்சுற்று. இந்தக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு அழகு நிலையத்தில் கையைக் கொடுத்தபோது, நகத்தின் அடித்தோலைச் சுத்தமாக்குகிறேன் என்று கத்தரியால் வெட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் மோதிர விரல் வீங்கிச் சீழ் வைத்தது. அத்தை எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகிவிட்டார். கடைசியில் மருத்துவரிடம் போய்த்தான் குணமானது. பத்து நாள் ஊசி பிடிக்க முடியவில்லை. அந்த அடித்தோல் அழுக்கு அல்ல. நகத்துக்கும் சதைக்கும் இடையே கிருமி இறங்காமல் அடைத்து வைத்திருக்கும் கதவு அது. குளித்து வந்ததும் துண்டால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினால் போதும். வெட்ட வருகிற கையைத் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

பூசுவதற்கு முன் செய்கிறவற்றில் எனக்குப் பலன் தந்தவை இரண்டு. ஒன்று, குளித்தவுடனோ பாத்திரம் கழுவியவுடனோ பூசாமல் ஒரு மணி நேரமாவது காத்திருப்பது. நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், பிறகு காய்ந்து சுருங்கும். பூச்சு கூடவே சுருங்காது, விரிசல் விடும். இரண்டாவது, எண்ணெயைத் துடைப்பது. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். எங்கள் வீட்டுச் சமையலும் தலையும் தேங்காய் எண்ணெய்தான். இரவில் நகத்தில் இரண்டு துளி தேய்த்துவிட்டுப் படுப்பேன், அடித்தோல் வெடிக்காமல் இருக்கும். ஆனால் அதன் மேலேயே பூசினால் மறுநாள் தகடாக எழுந்து வந்துவிடும். பஞ்சில் ரிமூவர் தொட்டு ஒரு முறை துடைத்தே தொடங்க வேண்டும். எங்களைப் போல மணி வேலை செய்கிறவர்கள் அந்த ரிமூவரை ஆரி ஸ்டாண்டுப் பக்கம் கொண்டுவரவே கூடாது. அசிட்டோன் பட்டால் சில பிளாஸ்டிக் மணிகள் இளகிப் பளபளப்பை இழந்துவிடும். அடுப்புப் பக்கமும் ஆகாது, சட்டென்று தீப்பற்றும்.

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் எங்கள் ஊர்வரை வரும்போது பூச்சு காயவே காயாது. மேலே உலர்ந்தது போலத் தெரியும், படுக்கை விரிப்பின் நெசவு அப்படியே நகத்தில் பதிந்துவிடும். அந்த இரண்டு மாதமும் நான் மருதாணிக்குப் போய்விடுகிறேன். அம்மியில் அரைத்த இலையை நகத்தின் மேல் கடலை அளவு வைத்துக் கட்டினால் செம்மண் நிறத்தில் பிறை பிடிக்கும். மருதாணியின் சாயம் நகத்தோடு கலந்துவிடுவதால் தேயாது, உரியாது, மஞ்சளும் அதை ஒன்றும் செய்யாது. நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்து, நகவெட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தேய்பிறை போல மறையும். நான்கு மாதத்துக்கு மேல் கூட இருந்திருக்கிறது. சீக்கிரம் கருக்கும் என்று விற்கும் கறுப்பு மருதாணிக் கூம்பை மட்டும் தொடாதீர்கள். அதில் தலைமுடிச் சாயத்தின் ரசாயனம் இருக்கக்கூடும், தோல் கொப்புளித்துவிடும்.

எங்கள் ஊரில் எந்த நகப்பூச்சானாலும் பெயர் க்யூடெக்ஸ்தான். “இந்தக் கிழிந்த க்யூடெக்ஸுக்கு மருதாணி எவ்வளவோ மேல்” என்று அத்தை முன்பு சொல்லிக்கொண்டிருப்பார். போன மார்கழியில் அவரே விரலை நீட்டி, “எனக்கும் ஒரு பொட்டு வைத்து விடு தாயி” என்று கேட்டார். எழுபது வயது விரலில் வரி ஓடிய நகம். தேநீர் நிறத்தில் மெல்லிய பூச்சு கொடுத்து, அரக்குப் புள்ளி வைத்தேன். அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனபோது முந்தானையை அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

நாளை ஞாயிறு. என் வலது சுட்டுவிரலில் மட்டும் புள்ளியின் ஓரம் லேசாகத் தேய்ந்திருக்கிறது, ஊசி உட்காரும் இடம் அது. கழற்றிவிட்டு அடிப்பிறை போடலாம் என்று இருக்கிறேன். அடுத்த வியாழன் புனலூரிலிருந்து மயில் கழுத்து நிறப் பட்டு வாங்க வருகிறார்கள். அதற்குப் பொன் நிறம் எடுத்து வைத்திருக்கிறேன்.