டோன்ஸ் முதுகுவலி கிட்னி மாத்திரை: பெட்டிக்குள் என்ன இருந்தது?

நூறு வருடத்துக்கு முந்தைய மாத்திரைக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். பழைய விளம்பரங்களைப் படிக்கப் படிக்க, இதை நம்பி வாங்கியவர்களுக்காகவாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

இங்கிலாந்தில் ஒரு பெட்டி 2 ஷில்லிங் 9 பென்ஸ் (அன்றைக்கு ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்), உள்ளே 40 மாத்திரை. 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைப் பகுத்துப் பார்த்தபோது கிடைத்தவை ஜூனிப்பர் எண்ணெய், ஹெம்லாக் மரப்பிசின், வெடியுப்பு, வெந்தயத்தூள், கோதுமை மாவு, மக்காச்சோள மாவு. அவ்வளவுதான். சரக்குச் செலவு அரைப் பென்னி என்றும் கணக்குப் போட்டிருந்தார்கள், அதாவது 33 பென்ஸ் கொடுத்தவருக்கு அரைப் பென்னி சரக்கு! ஜூனிப்பரும் வெடியுப்பும் சிறுநீரைக் கொஞ்சம் கூடுதலாகப் போக வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதனால் பழுதான சிறுநீரகம் தேறிவிடாது.

எனக்குக் கோபமெல்லாம் விளம்பரத்தின் மேல்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலியில் வளைந்து நிற்கும் ஓர் ஆள், கூடவே 'ஒவ்வொரு படமும் ஒரு கதை சொல்லும்' என்ற வரி. முதுகு வலித்தால் கிட்னியில் கோளாறு என்று ஊரையே பயமுறுத்தியாயிற்று. மூட்டை தூக்குகிறவருக்கும் நாளெல்லாம் குனிந்து துணி துவைக்கிறவருக்கும் முதுகு வலிக்கத்தான் செய்யும், பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே சரியாகும், நல்ல பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும். நிஜமாகவே சிறுநீரகம் கெட்டவருக்கோ பல நேரம் முதுகு வலிப்பதே இல்லை. முகம் உப்பும், கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். அன்றைக்கு அதை பிரைட் நோய் என்றார்கள். அப்படிப்பட்டவரும் இந்த மாத்திரையை விழுங்கிவிட்டு நாளைக் கடத்தியிருந்தால், அதை நினைத்தால் மனசு தாங்கவில்லை.

அந்தக் காலத்து மற்ற கிட்னி மருந்துகளும் மோசம்தான். அமெரிக்காவின் டாக்டர் கில்மர் ஸ்வாம்ப் ரூட் விளம்பரம், சிறுநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் 24 மணி நேரம் வைத்து அடியில் வண்டல் தங்குகிறதா பாருங்கள் என்றது. யாருடைய சிறுநீரை ஆறவைத்தாலும் வண்டல் படியலாம்! அந்த பாட்டிலில் ஏறக்குறைய 10 சதவீதம் ஆல்கஹால் வேறு. டி விட்ஸ் மாத்திரையில் மெத்திலீன் புளூ என்ற சாயம் இருந்தது, முழுங்கியவருக்குச் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும், மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று நம்புவதற்கு அது போதுமே.

1906-இல் அமெரிக்காவில் உணவு, மருந்துச் சட்டம் வந்த பிறகு ஆல்கஹால் அளவை லேபிளில் போட வேண்டியதாயிற்று. ஸ்வாம்ப் ரூட்டின் பெயரிலிருந்து 'குணமாக்கும்' என்ற பொருள் தரும் 'கியூர்' போய் 'ரெமடி' வந்தது. ஆனால் 'இந்த நோயைத் தீர்க்கும்' என்ற பொய்யை அந்தச் சட்டம் பிடிக்காது என்று 1911-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மறுவருடம் திருத்தம் கொண்டுவந்தார்கள், அதிலும் ஏமாற்றும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது.

டோன்ஸ் பெயரில் பிற்காலத்தில் வந்த மாத்திரை வேறு, மெக்னீசியம் சாலிசிலேட் என்ற வலிநிவாரணி, முதுகுவலிக்கு மட்டும். சிறுநீரக நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைச் சாப்பிடக் கூடாது.