பாதரசம் இல்லாத கண்ணாடித் தெர்மாமீட்டர்: வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பார்க்க அதே பழைய வெள்ளிக் கோடுதான், ஆனால் உள்ளே இருப்பது காலியம், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த திரவ உலோகக் கலவை. பேட்டரி வேண்டாம், அளவும் வீட்டு டிஜிட்டலோடு ஒத்துப்போகிறது. கோட்டைக் கீழே இறக்குவதுதான் பெரும்பாடு, இந்தத் திரவம் கண்ணாடியோடு ஒட்டும் என்பதால் மணிக்கட்டை வீசி வீசி உதற வேண்டியிருக்கிறது, வயதானவர்களுக்குக் கை வலிக்கும். அக்குளில் வைத்தால் நாலைந்து நிமிடம் பொறுக்கவும் வேண்டும், திமிறுகிற குழந்தைக்கு இது சரிப்படாது, டிஜிட்டலே மேல்.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் சொல்கிறேன் என்றால், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்றுமதிக்காகத் தயாரித்தார்கள், 2001-இல் மூடினார்கள், ஆனால் பாதரசம் கலந்த மண்ணும் தொழிலாளர்களின் உடல்நலப் பிரச்சினையும் இங்கேயே தங்கிவிட்டன. ஒரு நாடு மட்டும் தடை போட்டால் ஆலை இன்னொரு நாட்டுக்கு நகர்ந்துவிடும். அதனால்தான் பாதரசத்தைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தம் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2013-இல் ஜப்பானில் ஏற்கப்பட்டு 2017-இல் அமலுக்கு வந்தது, இந்தியா 2018-இல் சேர்ந்தது. பாதரசத் தெர்மாமீட்டர் தயாரிப்பு, ஏற்றுமதி, இறக்குமதி மூன்றையும் 2020-க்குள் நிறுத்தவேண்டும் என்பது அதன் பொது விதி, கேட்ட நாடுகளுக்கு அவகாசம் தரப்பட்டது.

நான் போன மருந்துக்கடையில் முதலில் பாதரசத்தைத்தான் எடுத்து நீட்டினார்கள். அட்டையில் 'மெர்க்குரி ஃப்ரீ' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், வீட்டிலுள்ள பழையதைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள்.