சாட்ஸ்வொர்த் வீட்டில் சூரியக் கீசர்: ஆறு ஆண்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில், கூரைக்கு அடியில் கிடக்கும் 150 லிட்டர் மின்சாரக் கீசர்தான் (வெந்நீர்த் தொட்டி) மின்சாரத்தைப் பெருமளவு விழுங்குகிறது என்பதை, முன்கட்டண மீட்டரை ஒரு வாரம் காலையும் இரவும் குறித்து வைத்த பிறகே நம்பினேன். 20 டிகிரியில் வரும் அவ்வளவு தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 7 யூனிட் ஆகும். நாட்டின் மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் பிறப்பதால், எங்கள் குளியலுக்கும் எங்கோ கரி எரிந்துகொண்டிருந்தது.

கீசரைக் குறித்த நேரத்தில் மட்டும் இயக்க முதலில் வாங்கிய டைமர் ஏமாற்றமே தந்தது. நீர் சும்மா கிடக்கும்போது ஆறிப்போகும் வெப்பத்தில் ஒரு பகுதியைத்தான் அது மிச்சப்படுத்தும். குளித்துத் தீர்த்த வெந்நீருக்கு ஈடாக வரும் தண்ணீரைச் சூடாக்க எப்போதும் போலத்தான் செலவாகும். அதைவிட மலிவான கீசர் போர்வையும், வெந்நீர்க் குழாயின் மேல் சுற்றிய நுரை உறையும் அதிகம் உதவின. தெர்மோஸ்டாட்டை 70இலிருந்து 60 டிகிரிக்கு இறக்கினேன். லெஜியோனெல்லா கிருமி வளரக்கூடும் என்பதால் அதற்குக் கீழே போகவில்லை.

பிறகு கூரைமேல் கண்ணாடிக் குழாய்கள் கொண்ட சூரியக் கீசர் வந்தது. பொருத்த வந்தவர், சரிவு வசதியாக இருக்கிறது என்று அதை மேற்கு நோக்கி வைத்துவிட்டுப் போனார். பூமியின் தென்பாதியான நம் பக்கத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதை அவருக்கு விளக்கி, வடக்கு நோக்கி மாற்றி வைக்கச் செய்வதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதன்பின் குறையில்லை. குளிர்காலத்தில் தடுமாறும் என்று பலர் எச்சரித்தார்கள்; ஆனால் டர்பனில் ஜூலை வானம் பெரும்பாலும் தெளிவாகவே இருப்பதால், மின்சார சுவிட்சைத் தட்ட நேர்வது மேகம் மூடிக் கிடக்கும் கோடை மழை நாட்களில்தான்.

2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது ஒரு குறை தெரிந்தது. பல நாட்கள் குழாய் நீர் வராமல், உள்ளிருந்தது ஆவியாகிக் கண்ணாடிக் குழாய்கள் வறண்டு கொதித்திருந்த நேரத்தில், நண்பகலில் திடீரெனக் குளிர்ந்த நீர் ஏறியதும் இரண்டு குழாய்கள் விரிசல் விட்டன. இப்போது தண்ணீர் நின்றால் அவற்றின்மேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தி, வெயில் தாழ்ந்த பிறகே வால்வைத் திறக்கிறோம்.

மழைநீருக்கென 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியும் வைத்திருக்கிறோம். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 1,000 லிட்டர் சேரும். ஆனால் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் நீர் தேவைப்படாத கோடையில் தொட்டி வழிகிறது, ஜூலையில் அடி தெரிகிறது. எனவே தோட்டத்தைவிடக் கழிப்பறைக்கு அந்நீரைத் திருப்பியதே பயனுள்ள முடிவு.

செலவுக்கேற்ற பலன் என்றால் ஷவர் தலையை மாற்றியதைத்தான் சொல்வேன். பழையது 10 லிட்டர் வாளியை 40 நொடியில் நிரப்பியது. புதியது 67 நொடி எடுக்கிறது. ஐந்து நிமிடக் குளியலில் 30 லிட்டர் மிச்சம், அதைச் சூடாக்கும் முக்கால் யூனிட்டும் மிச்சம். அம்மாவுக்கு மட்டும் இரண்டு ஷவருமே பிடிக்கவில்லை; சொம்பும் வாளியும் போதும் என்கிறார். அளந்து பார்த்ததில் அவருக்கு ஒன்றரை வாளிக்கு மேல் செலவாவதில்லை.