வயர் அறுந்தால் எது மிஞ்சும்? மலிவு விலை இயர்போன்கள் மூன்றின் ஒப்பீடு

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகின்ற எனக்கு, காதில் ஏதாவது ஒன்று ஒலிக்காமல் அந்த வளைவுகளைக் கடப்பது கடினம். அதனால் கடந்த மூன்று வருடங்களில், போனில் நேரடியாகச் செருகும் இயர்போன்களை, எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்வதானால் ஹேண்ட்ஃப்ரீகளை, மூன்று வகையாக மாற்றி மாற்றிப் பாவித்துவிட்டேன். முதல் வருடம் முழுவதும் 3.5 மி.மீ. பிளக் வைத்த 700 ரூபாய்ச் சாதாரண இயர்போன். அதன் பிறகு ஏழு மாதங்கள் 2,400 ரூபாய்க்கு வாங்கிய, சார்ஜர் துளையிலேயே செருகும் டைப்-சி இயர்போன். இப்போது ஒன்றரை வருடமாக 3,600 ரூபாய்க்கு வாங்கிய, வயரைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய 3.5 மி.மீ. இயர்போன். என் சாய்வு மூன்றாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புளூடூத் வகைகளை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. நெரிசலில் ஒரு பக்கம் காதிலிருந்து கழன்று பஸ்ஸின் மிதிபலகை வழியே பள்ளத்தில் விழுந்தால், அதைத் தேடி யாரும் இறங்கப்போவதில்லை.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேச்சுக் கேட்பதற்கும் அழைப்பு எடுப்பதற்கும் மூன்றும் போதும். பாட்டு என்று வந்தால் கழற்றும் வயர் வகை தெளிவாக முன்னிற்கிறது. தவிலும் தபேலாவும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாகக் கேட்கின்றன. டைப்-சி அதற்கு அடுத்தது. 700 ரூபாய் இயர்போனில் தாழ்ந்த ஒலிகள் உப்பிப்போய், பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். 3.5 மி.மீ. வகையில் இந்த விலைக்குள் கிடைப்பவை பெரும்பாலும் 16 முதல் 32 ஓம் வரையிலான மின்தடை கொண்டவை என்பதால், எந்தப் போனும் அவற்றைச் சிரமமின்றி இயக்கும். காதுக்குள் போகும் ரப்பர்த் தொப்பி சரியான அளவில் அமையாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் தகரச் சத்தம்தான் போடும் என்பதால், பெட்டியோடு வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

என் தெரிவைத் தீர்மானித்தது ஒலி அல்ல, பழுது. வயர் உள்ள எந்த இயர்போனும் ஒரு நாள் கெடத்தான் போகிறது. அப்படிக் கெடும்போது அதனுடன் சேர்ந்து எதெல்லாம் குப்பைக்குப் போகிறது என்ற கேள்விதான் மூன்றையும் வெவ்வேறு இடங்களில் நிறுத்துகிறது.

வயர் பழுதாகும் இடங்கள் மூன்று: பிளக்கின் கழுத்து, இரண்டு காதுக்கும் வயர் பிரிகிற கவை, காதுக்குள் போகும் கூட்டின் அடிப்பகுதி. நான் வாங்கிய மூன்று 700 ரூபாய் இயர்போன்களும் ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு ஒன்றாகப் பிளக்கின் கழுத்தில்தான் போயின. முதலில் ஒரு காதில் சத்தம் விட்டுவிட்டு வரும், பிறகு வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் மட்டும் வரும், ஒரு வாரத்தில் அதுவும் நின்றுவிடும். வெட்டி ஒட்டலாமே என்று தோன்றும். ஆனால் இந்த வயருக்குள் இருப்பவை மயிரிழை போன்ற செப்புக் கம்பிகள். ஒவ்வோர் இழைக்கும் மேலே மெல்லிய அரக்குப் பூச்சு இருக்கும். நடுவே இழுவையைத் தாங்குவதற்காக நைலோன் நூலும் ஓடும். அந்தப் பூச்சை எரித்து நீக்காமல் ஈயம் ஒட்டாது. ஹட்டனில் போன் திருத்துகின்ற தம்பி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “சேர், இத நான் ஒட்டித் தர்ற காசுக்கு நீங்க புதுசே வாங்கலாம்” என்று திருப்பித் தந்துவிட்டார். ஆகவே நல்ல நிலையில் இருந்த இரண்டு ஒலிக்கூடுகளும் மைக்கும், ஒரு சென்ரிமீற்றர் வயருக்காகக் குப்பைக்குப் போயின.

டைப்-சி இயர்போனில் இந்த இழப்பு இன்னும் பெரிது. 3.5 மி.மீ. பிளக் என்பது வெறும் உலோகத் தொடுகைதான். எண்வடிவ ஒலியைக் காதுக்குரிய மின்னலையாக மாற்றும் வேலையைப் போனே செய்துவிடுகிறது. பெரும்பாலான டைப்-சி இயர்போன்களில் அந்த மாற்றியும் அதன் பெருக்கியும் சின்னஞ்சிறு சில்லாகப் பிளக்குக்குள்ளேயோ வயரின் நடுவிலேயோ வைக்கப்பட்டிருக்கின்றன. விலையின் ஒரு பகுதி அதற்காகத்தான் போகிறது. கழுத்தில் வயர் அறுந்தால் சில்லும் சேர்ந்தே போகிறது. என்னுடையது ஏழாவது மாதத்தில் அப்படித்தான் போனது.

அதுமட்டுமென்றால் பொறுத்திருப்பேன். அது போகிறபோது போனையும் பாதி இழுத்துக்கொண்டு போனது. டைப்-சி துளைக்குள் பார்த்தால் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று தெரியும். அதன் இரு புறமும் அரை மில்லிமீற்றர் இடைவெளியில் மொத்தம் 24 தொடுகைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த இணைப்பு 10,000 தடவை செருகிக் கழற்றுவதைத் தாங்க வேண்டும் என்பது அதன் வரையறை. ஆனால் அது நேராகச் செருகி நேராக எடுக்கும் கணக்கு. சட்டைப் பைக்குள் போன் தலைகீழாக இருக்க, பஸ் வளைவில் சாயும்போது பக்கத்தில் நிற்பவரின் முழங்கை பிளக்கை நெம்புவது வேறு கணக்கு. ஆறாவது மாதத்திலிருந்தே என் போனில் சார்ஜர் பிளக் ஆடத் தொடங்கியது. கடைசியில் சார்ஜிங் துளையின் போர்டை 2,500 ரூபாய் கொடுத்து மாற்றினேன். இரண்டு நாள் போன் கடையில் கிடந்தது. இயர்போனைவிட அதன் துளைக்கு அதிகம் செலவழித்த கதை இது.

3.5 மி.மீ. துளையும் தேயும், ஆடும். ஆனால் அது போனால் பாட்டு மட்டும்தான் போகும். டைப்-சி துளை போனால் போனுக்குச் சாப்பாடே இல்லாமல் போகும். ஒரே வாசலால் உண்ணவும் பேசவும் கேட்கவும் செய்கின்ற போனில், அந்த வாசலில் எதையும் தேவைக்கு மேல் செருகாமலிருப்பதே நல்லது என்பது என் முடிவு.

எங்கள் ஊரின் ஈரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் காய்ந்த துணி என்று ஒன்றைப் பார்ப்பதே அரிது. பனிமூட்டத்தில் நின்றுவிட்டுப் பஸ்ஸில் ஏறினால் பிளக்கிலும் ஈரம் படிந்திருக்கும். டைப்-சி இயர்போனைச் செருகியவுடன் போன் அதற்கு 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கிறது. அரை மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும் தொடுகைகளுக்கு நடுவே ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கப்பட்டுக் களிம்பு பிடிக்கும். இதற்காகவே பல போன்கள் துளையில் ஈரம் இருப்பதாக எச்சரித்துச் சார்ஜ் ஏற மறுக்கின்றன. மழைக்காலத்துக் காலை நேரத்தில் அந்த எச்சரிக்கை எனக்குப் பழகிப்போன காட்சி. 3.5 மி.மீ. பிளக்கில் தொடுகைகள் நான்கே, அகலமானவை, மைக்குக்காக மிகச் சிறிய மின்னழுத்தம் மட்டுமே அங்கே இருக்கிறது. பிளக் வட்டமானது என்பதால், சத்தம் கரகரத்தால் செருகியபடியே இரண்டு சுற்றுச் சுற்றினால் தொடுகைகள் உரசித் தாமே சுத்தமாகிவிடும். தட்டையான டைப்-சியை அப்படிச் சுற்ற முடியாது.

இனி கழற்றும் வயர் வகை. இதில் ஒலிக்கூடு தனி, வயர் தனி. கூட்டில் இரண்டு ஊசித் துளைகள் இருக்கும். வயரின் முனையிலுள்ள இரண்டு ஊசிகள் அவற்றில் அமரும். பதினோராவது மாதத்தில் என்னுடையதும் வழக்கம்போலப் பிளக்கின் கழுத்தில்தான் போனது. 900 ரூபாய்க்கு வேறு வயர் வாங்கி, இரண்டு பக்கமும் செருகினேன். ஐந்து நிமிட வேலை. ஒலிக்கூடுகள் அப்படியே இருக்கின்றன. பையிலோ கதவுக் கைப்பிடியிலோ வயர் மாட்டிப் பலமாக இழுபடும்போது, ஊசிகள் கழன்று கொடுத்துவிடுவதால் கூடும் தப்பிக்கிறது. காதுக்கு மேலாகச் சுற்றிப் போடும் அமைப்பு முதல் வாரம் எரிச்சலூட்டியது உண்மை. கண்ணாடி அணிபவர்களுக்கு அது இன்னும் கொஞ்ச நாள் எரிச்சலூட்டலாம்.

மாற்று வயர் வாங்கும்போது ஊசியின் பருமனைப் பார்க்க வேண்டும். பொதுவாகக் கிடைப்பது 0.78 மி.மீ. ஊசி, கே.இசட். (KZ) போன்ற சில நிறுவனங்களின் இயர்போன்களுக்கு 0.75 மி.மீ. ஊசியும் அவற்றுக்கென்றே செய்த உறையும் வேண்டும். தடித்த ஊசியை மெல்லிய துளையில் அழுத்தினால் கூட்டில் விரிசல் விழும். ஒரு பக்கத்து ஊசிகளை மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால் எதுவும் எரியாது. ஆனால் இரு காதுகளுக்கும் ஒன்றுக்கொன்று எதிரான அலைகள் போவதால், தாழ்ந்த ஒலிகள் மெலிந்ததுபோலத் தோன்றி, பாட்டு தலைக்கு நடுவில் நிற்காமல் சிதறிக் கேட்கும். கண்ணாடி போன்ற உறை போட்ட வெள்ளிநிற வயர்கள் நம் ஊர் ஈரத்தில் சில மாதங்களிலேயே பச்சையாக மாறுகின்றன. என்னுடையதும் மாறிவிட்டது. ஒலி குறையவில்லை, அழகுதான் போனது.

பணக்கணக்கில் எனக்குச் சாதகமாக மட்டும் பேச முடியவில்லை. நான்கு மாதத்துக்கு ஒன்று வீதம் மூன்று வருடத்துக்கு ஒன்பது சாதாரண இயர்போன்கள் வாங்கினால் 6,300 ரூபாய். கழற்றும் வகைக்கு முதலில் 3,600, பிறகு பதினொரு மாதத்துக்கு ஒரு வயர் வீதம் மூன்று வயருக்கு 2,700; அதுவும் 6,300. அதாவது மூன்று வருடம் கழிந்த பிறகே என் தெரிவு லாபம் காட்டத் தொடங்கும். நான் இருப்பது பாதி வழியில்தான். அதற்கு முன் கூட்டையே தொலைத்துவிட்டால் நட்டம். டைப்-சிக்கு இதே கணக்கைப் போட்டால், ஏழு மாதத்துக்கு ஒன்று வீதம் ஆறு வாங்கி 14,400 ரூபாய் ஆகும். ஆனால் நான் பாவித்தது ஒரே ஒன்று. அது முந்தியே போகக்கூடிய ஒன்றாக அமைந்திருக்கலாம் என்பதால் அந்தத் தொகையை யாரும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். துளை மாற்றிய 2,500ஐ அதில் நான் சேர்க்கவும் இல்லை.

டைப்-சிக்கும் இடமுண்டு. ஒலி மாற்றி இயர்போனிலேயே இருப்பதால், எந்தப் போனில் செருகினாலும் ஏறக்குறைய ஒரே தரம் கிடைக்கும்; சில மலிவுப் போன்களின் 3.5 மி.மீ. துளையில் பின்னணியில் கேட்கும் இரைச்சல் இதில் இல்லை. பிளக்கை எந்தப் பக்கமாகவும் செருகலாம். போனில் 3.5 மி.மீ. துளையே இல்லையென்றால் வேறு வழியும் குறைவு. 2016இல் ஐபோன் 7 அந்தத் துளையை நீக்கியதிலிருந்து விலை கூடிய போன்கள் பெரும்பாலும் அதே வழியில் போய்விட்டன. என் தங்கையின் போனும் அப்படிப்பட்டதுதான். அவளுக்கு நான் டைப்-சி இயர்போன் வாங்கச் சொல்லவில்லை; டைப்-சியிலிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் குட்டி வயர் ஒன்றையும் கழற்றும் வயர் இயர்போன் ஒன்றையும் வாங்கச் சொன்னேன். துளை தேயும் ஆபத்து இதிலும் இருக்கிறது என்றாலும், அறுந்தால் குட்டி வயரோடு இழப்பு முடிந்துவிடும். அந்தக் குட்டி வயரில் இரண்டு வகை உண்டு; பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் ஒலி மாற்றி இருக்கும், மற்றதில் வெறும் கம்பி மட்டும் இருக்கும். வெறும் கம்பி வகை சில போன்களில் மட்டுமே வேலை செய்யும் என்பதால், சொந்தப் போனைக் கொண்டுபோய்க் கடையிலேயே செருகிப் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது. ஒரே துளை என்பதால் சார்ஜ் ஏற்றிக்கொண்டே கேட்க முடியாது என்ற குறை இதற்கும் உண்டு. மூன்று மணிநேர ஒன்லைன் வகுப்பில் இருப்பவர்களுக்கு அது சிறிய குறை அல்ல.

வானொலி கேட்பவர்களுக்கு ஒரு சொல். போனிலுள்ள எஃப்.எம். வாங்கிக்கு 3.5 மி.மீ. இயர்போனின் வயர்தான் அன்ரெனா. 100 மெகாஹேர்ட்ஸ் அளவில் அலைநீளம் ஏறத்தாழ 3 மீற்றர். அதன் கால் பங்கைவிட நீளமாக, ஒரு மீற்றருக்கு மேல் இருக்கும் வயர் அந்த வேலைக்குப் போதுமானது. என் டைப்-சி இயர்போனைச் செருகியிருந்தபோது எஃப்.எம். செயலி அதை இயர்போனாகவே ஏற்கவில்லை. மழை பிடித்து மின்சாரம் போய், கோபுரங்களில் சிக்னலும் போன இரவுகளில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

3.5 மி.மீ. வாங்குபவர்கள் கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மைக் உள்ள பிளக்குகளில் மைக்குக்கான தொடுகையும் தரையிணைப்பும் (எல்லாவற்றுக்கும் பொதுவான தொடுகை) இடம் மாறிய பழைய அமைப்பு ஒன்று உண்டு. அப்படிப்பட்டதை இன்றைய போனில் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டும் சரியாகும். பழுது என்று நினைத்துத் திருத்தக் கொடுக்க வேண்டாம், அது போனுக்குப் பொருந்தாத பிளக்.

கழற்றும் வகையின் ஊசித் துளைகள் எத்தனை தடவை மாற்றினால் தளரும் என்பதில் என் அனுபவம் ஒரே ஒரு மாற்றத்தோடு நிற்கிறது. அதனால் அவசியமின்றி நான் அவற்றைக் கழற்றுவதில்லை. அம்மாவுக்கு மட்டும் இன்னமும் 700 ரூபாய் இயர்போனையே வாங்கிக் கொடுக்கிறேன். காதுக்கு மேலே சுற்றிப் போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. இரவுச் செய்தி கேட்டபடியே தூங்கிவிடுபவர் என்பதால், காலையில் வயர் தலையணைக்கும் கட்டிலுக்கும் நடுவே எப்படியும் நசுங்கித்தான் கிடக்கும்.