கற்பனை நாயகிக்காக ஒரு பயணம்: மூனிக் பல்கலைக்கழகத்தின் வெள்ளை ரோஜா நினைவிடம்

கடந்த ஓராண்டாக நான் எழுதிவரும் நாவலின் நாயகி, 1943-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மூனிக் நகரில் படிக்கும் இருபது வயது மாணவி. அவள் முழுக்க என் கற்பனை. அவள் போய்ச் சேரும், ஹிட்லரின் நாஜி ஆட்சியை எதிர்த்து இரகசியமாகத் துண்டறிக்கைகள் பரப்பிய ‘வெள்ளை ரோஜா’ குழு மட்டும் வரலாற்றில் உள்ளது. படித்தறிந்ததை நேரில் சரிபார்த்துக்கொள்ளவே லுட்விக் மாக்சிமிலியான் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடத்தில் இருக்கும் அக்குழுவின் நினைவிடத்துக்குச் சென்றேன். வரலாற்றுப் புனைவு எழுதுவோருக்கும் விரும்பிப் படிப்போருக்கும் அந்த இடம் என்ன தரும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஊ3, ஊ6 (U3, U6) சுரங்க ரயில்கள் நிற்கும் ‘ஊனிவெர்சிட்டேட்’ நிலையத்தில் இறங்கினால் போதும். அனுமதி இலவசம். உள்ளே நுழையும் முன் தரையைப் பாருங்கள்: முன்வாயிலுக்கு எதிரே, யாரோ கைதவறிச் சிதறவிட்டதைப் போல, துண்டறிக்கைகளும் உருவப்படங்களும் நடைபாதைக் கற்களோடு பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை நான் கவனிக்காமல் கடந்துபோய்த் திரும்பி வந்தேன்.

கண்ணாடிக் கூரையிட்ட நடுமண்டபம்தான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. 1943 பிப்ரவரி 18 அன்று அக்குழுவைச் சேர்ந்த ஹான்ஸ் ஷோலும் அவருடைய தங்கை சோஃபி ஷோலும் விரிவுரைகள் முடிவதற்கு முன்பாக, மூடிய வகுப்பறைக் கதவுகளின் முன்னே ஆறாவது துண்டறிக்கையின் பிரதிகளை வைத்துச் சென்றதும், எஞ்சிய ஒரு கட்டைச் சோஃபி மேல்மாடக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே தள்ளிவிட்டதும், பல்கலைக்கழகப் பணியாளர் ஒருவர் அவர்களைக் கண்டு, பிடித்துக் கொடுத்ததும் இங்கேதான். என் நாவலின் கைப்பிரதியில் இந்தக் காட்சி ஆரவாரக் கூட்டத்தின் நடுவே நடந்தது. படியேறி அந்தச் சுவரருகே நின்ற பிறகுதான், அது ஆளற்ற தாழ்வாரங்களில், கதவுகள் திறப்பதற்குள் முடித்தாக வேண்டிய சில நிமிட வேலை என்பதை என் உடம்பு புரிந்துகொண்டது. எந்தப் புத்தகமும் எனக்கு அதைத் தந்திருக்கவில்லை.

காட்சிக்கூடம் பெரியதன்று. விளக்கங்கள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. பார்ப்பதைவிட வாசிப்பதற்கே அதிகம் உண்டு என்பதால் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்வது நல்லது. இந்தக் குழுவின் வாழ்வில் எவ்வளவு பெரிய பகுதி வெறும் உழைப்பாக இருந்தது என்ற எண்ணமே அங்கே என்னை விட்டு நீங்காதிருந்தது. 1942 கோடையில் வெளிவந்த முதல் நான்கு அறிக்கைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு பிரதிகளே. 1943 ஜனவரியின் ஐந்தாவது அறிக்கையோ கையால் சுழற்றும் நகலெடுப்புக் கருவியில் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஒருவரே ஏராளமான தபால்தலையும் உறையும் தாளும் வாங்கினால் சந்தேகம் எழும். ஆகவே வெவ்வேறு இடங்களில் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்தார்கள். சோதனைக்கு அஞ்சியபடியே பெட்டிகளை ரயிலேற்றி, வேறு நகரங்களிலிருந்து அஞ்சலில் சேர்த்தார்கள். ஊல்ம் நகரத் தேவாலயம் ஒன்றின் ஆர்கன் இசைக்கருவிக்குப் பின்னே பள்ளி மாணவர்கள் ஒளிந்திருந்து உறைகளில் முகவரி எழுதினார்கள். டிராவுட்டெ லாஃப்ரென்ஸ் என்ற மாணவி அறிக்கையை ஹாம்பர்க் வரை கொண்டுசேர்த்தார். அவர் 2023-இல், தம் 103-ஆம் வயதில்தான் காலமானார்.

ஒரு கற்பனைப் பெண்ணுக்கு வேண்டிய இடம் இந்த வெளிவட்டத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். 1943 ஜனவரி 13 அன்று நாஜிக் கட்சியின் மாகாணத் தலைவர் பவுல் கீஸ்லர், மாணவிகள் படிப்பதைவிட ஃபியூரருக்கு (தலைவர் ஹிட்லருக்கு) பிள்ளை பெற்றுத் தரலாம் என்ற பொருளில் பேசியபோது, அரங்கத்தைவிட்டு வெளியேறிய பெண்களில் என் நாயகியும் ஒருத்தியாக இருந்திருக்க முடியும். சோஃபியே முதலில் ஹிட்லரின் சிறுமியர் அமைப்பில் ஆர்வத்தோடு இருந்தவர். அந்த மாற்றத்தின் படிகளைக் காட்டாத புனைவு பிறவியிலேயே வீராங்கனையான ஒரு பொம்மையைத்தான் படைக்கும்.

ஷோல் உடன்பிறப்புகளின் கைதுக்குப் பின் நடந்தவை நான்கே நாட்களில் முடிந்தன. பிப்ரவரி 22 அன்று விசாரணை, தீர்ப்பு, கில்லட்டின் என்னும் தலைவெட்டும் இயந்திரம் மூன்றும் ஒரே பகலில். 21 வயதான சோஃபி தம் குற்றப்பத்திரிகையின் பின்புறம் ‘விடுதலை’ என்று எழுதியிருந்தார். ஆறாவது அறிக்கை இங்கிலாந்துக்குக் கடத்தப்பட்டு, அதே ஆண்டு நேச நாட்டு விமானங்களால் ஜெர்மனி மீது கொட்டப்பட்டது.

மறுநாள் கட்டணம் செலுத்தி ஒரு நடைச் சுற்றுலாவிலும் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வழிகாட்டி இதே மண்டபத்தில் பத்து நிமிடம்கூட நிற்கவிடவில்லை. சோஃபி ஒருவரே எல்லாவற்றையும் செய்ததைப் போலச் சொல்லி முடித்தார். அலெக்சாண்டர் ஷ்மோரெல், வில்லி கிராஃப், கிறிஸ்டோஃப் பிரோப்ஸ்ட், பேராசிரியர் கூர்ட் ஹூபர் ஆகியோரும் தலை கொடுத்தவர்கள். அவர்களுடைய பெயர்கூட வராதது எனக்கு வலித்தது. அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும், ஷோல் உடன்பிறப்புகளும் பிரோப்ஸ்டும் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் பெர்லாக்கர் ஃபோர்ஸ்ட் கல்லறைக்குத் தனியே சென்று வருவதையே பரிந்துரைப்பேன்.

ஊர் திரும்பியதும் மேல்மாடக் காட்சியை நாவலிலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது முதல் அத்தியாயத்தில் என் நாயகி, அன்று போகும் மூன்றாவது தபால் நிலையத்தின் வரிசையில், பத்தே பத்துத் தபால்தலைகள் கேட்பதற்காக நிற்கிறாள்.